ஒன்பது இருபதுக்கு அஞ்சலை

அஞ்சலைக்கு மூன்று மாவட்டக் கலெக்டர்களின் பெயரும் மனப்பாடம். மழைக்காலத்தில் அவர்களில் யார் முந்தின நாளே பள்ளிக்கு விடுமுறை சொல்லிவிடுவார், யார் விடிந்து வானத்தைப் பார்த்துவிட்டுச் சொல்வார் என்பதும் ஒரு மாதிரி பிடிபட்டிருந்தது. இத்தனைக்கும் அவள் வீட்டில் பள்ளிக்குப் போகிற பிள்ளை கிடையாது. ஒரே மகளைக் கட்டிக்கொடுத்து நான்கு வருடம் ஆகிறது. எல்லாம் வேலைக்காகக் கற்றுக்கொண்டது.

வேலை அம்பத்தூர் எஸ்டேட்டில். கீழே நட்டு போல்ட்டுக்கு முலாம் பூசும் பட்டறை, மேலே பதினோரு பேர் உட்கார்ந்திருக்கும் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி. பள்ளிகளுக்கு ஒரு செயலி செய்து கொடுத்திருந்தார்கள். வகுப்புக்கு வந்த பிள்ளைகளின் பெயருக்கு எதிரே டீச்சர் மொபைலில் டிக் அடிப்பார். டிக் விழாத பிள்ளையின் வீட்டுக்குச் சரியாக ஒன்பது இருபதுக்கு ஒரு செய்தி போகும். ‘அன்புள்ள பெற்றோருக்கு, தங்கள் பிள்ளை இன்று பள்ளிக்கு வரவில்லை.’ மொத்தம் ஏழு பள்ளிகள். ஆவடி, பட்டாபிராம், பூந்தமல்லி பக்கம் இருந்த ஐந்தும் திருவள்ளூர் மாவட்டம். அம்பத்தூரில் இருந்தது சென்னை மாவட்டம். குன்றத்தூர் பள்ளி காஞ்சிபுரத்துக்குப் போய்விட்டது. மூன்று கலெக்டர்கள் வந்து சேர்ந்தது இப்படித்தான்.

கம்பெனி முதலாளி ராகவன் திருச்சிக்காரர். முதலில் அந்தச் செய்தி தானாகவே போகும்படிதான் எழுதி வைத்திருந்தார். முதல் வருடம் மாட்டுப் பொங்கலன்று அது கடமை தவறாமல் ஒன்பது இருபதுக்குப் போனது. ஏழு பள்ளியிலும் ஒரு டிக் கூட விழாததால் எல்லாப் பெற்றோருக்கும் போனது. மாட்டுக் கொம்புக்கு வர்ணம் அடித்துக்கொண்டிருந்தவர்கள் வர்ணக் கையோடு போன் போட்டு ராகவனைப் பேசிய பேச்சில் அவர் ஒரு சபதம் எடுத்தார்.

“இனிமே டைமரே கிடையாது. மனுஷன் பார்த்து, மனுஷன் அமுக்கணும்.”

அந்த மனுஷனாக அமைந்தவள் அஞ்சலை. மாணவர் பெயர்களையும் பெற்றோர் போன் நம்பர்களையும் தட்டச்சு செய்யச் சேர்ந்தவள். பட்டாபிராமிலிருந்து ரயிலேறி, பட்டரவாக்கத்தில் இறங்கி நடந்து, எட்டு இருபதுக்கெல்லாம் ஆபீஸ் கதவைத் திறப்பவள் அவள் ஒருத்திதான். ராகவன் அவள் கம்ப்யூட்டரில் ஏழு பள்ளிக்கு ஏழு கட்டமும், கீழே பச்சை நிறத்தில் ‘அனுப்பு’ என்ற ஒரு பட்டனும் வைத்துக் கொடுத்தார். விடுமுறை விட்ட பள்ளியின் கட்டத்தில் இருக்கும் டிக்கை எடுத்துவிட்டு, மற்றதற்கு அமுக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

அதற்கு முன்னால் அவள் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தவள். அவள் புருஷன் வீராசாமி தண்ணீர் கேன் வண்டி ஓட்டுபவன். போகிற வீட்டிலெல்லாம் இதைச் சொல்லுவான். “அங்கயும் பட்டனு, இங்கயும் பட்டனு. எங்க வூட்டுக்காரம்மா பட்டன உடமாட்டா.”

சாதாரண நாளில் அது அரை நிமிட வேலை. மழை நாளில்தான் அதன் சுயரூபம் தெரியும். ஒரு சேனலில் விடுமுறை என்பார்கள், இன்னொன்றில் இல்லை என்பார்கள், வாட்ஸாப்பில் போன வருட அறிவிப்பு இந்த வருடத் தேதியோடு சுற்றும். தலைமையாசிரியர்கள் அந்த நேரத்தில் போன் எடுப்பதில்லை. முதல் மழைக்காலத்தில் திணறிப்போன அஞ்சலை, இரண்டாவது மழைக்காலத்தில் ஒரு வழி கண்டுபிடித்தாள். ஏழு பள்ளி வாட்ச்மேன்களின் நம்பரையும் வாங்கி வைத்துக்கொண்டாள்.

“துலுக்கானம் அண்ணாத்தே, கேட்டு தொறந்துகீதா?”

பட்டாபிராம் பள்ளி வாட்ச்மேன் துலுக்கானம் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவார். “பூட்டிகீது.”

கேட் பூட்டியிருந்தால் டிக்கை எடுத்துவிடுவாள். கலெக்டர் பேச்சுக்கு மறுபேச்சு உண்டு, பூட்டுக்குக் கிடையாது என்பது அவள் அனுபவம். அப்படியே மூன்று வருடம் ஓடியது. ஒரு தப்புச் செய்தி போகவில்லை. ஆனால் அந்த மூன்று வருடத்தில் அவளும் எங்கேயும் போகவில்லை. பள்ளி நடக்கிற நாளெல்லாம் ஒன்பது இருபதுக்கு அவள் கை அந்தப் பட்டன் மேல் இருந்தாக வேண்டும். ரயில் தாமதமானால் மொபைலிலேயே அமுக்க வசதி செய்து கொடுத்தார்கள். அது வசதியாகத் தெரிந்தது ஒரு வாரம்தான். பிறகு எழவு வீட்டில், ரேஷன் கடை வரிசையில், பல் டாக்டர் நாற்காலியில் வாயைப் பிளந்தபடி என்று எங்கே இருந்தாலும் அமுக்க வேண்டியதாயிற்று.

இப்படி இருக்கும்போதுதான் அவள் தம்பி விஜய்க்குக் கல்யாணம் கூடி வந்தது. முப்பத்துநாலு வயது வரை தோஷம் தோஷம் என்று தள்ளிப்போன கல்யாணம். குமணன்சாவடியில் மண்டபம், ஒரு வெள்ளிக்கிழமை, ஒன்பதிலிருந்து பத்தரை முகூர்த்தம். மாப்பிள்ளை முதல் முடிச்சுப் போட்டதும் மற்ற இரண்டு முடிச்சையும் போட வேண்டிய நாத்தனார் அஞ்சலைதான். ஐயர் தாலிக்குக் குறித்திருந்த நேரம் ஒன்பதேகாலிலிருந்து ஒன்பதரைக்குள்.

ஆபீஸிலிருந்து கல்யாணத்துக்கு வர்ஷா வந்திருந்தாள். கோபிச்செட்டிப்பாளையத்துப் பெண், இருபத்தாறு வயது, பருத்திப்பட்டு ஏரிக்கரை ஓரம் ஒரு ஃபிளாட்டில் தோழிகளோடு குடியிருப்பவள். கம்பெனியின் புரோகிராமையெல்லாம் இப்போது எழுதுகிறவள் அவள்தான். மணமேடைக்கு ஏறும் முன் அஞ்சலை தன் மொபைலை அவள் கையில் திணித்தாள்.

“கண்ணு, நான் மேலேர்ந்து உன்னப் பாத்து தலைய ஆட்டுவேன். ஆட்டுனா அமுத்திடு.”

“சரிங்க்கா. நேரத்தை நானே பாத்துக்கட்டுமுங்களா?”

“வேணாம். பூந்தமல்லி ஸ்கூல்ல டீச்சருங்க லேட்டா தான் டிக் அடிப்பாங்கோ. அத்த நான் மேல கீற கடிகாரத்துல பாத்துக்கறேன். நீ என் தலைய மட்டும் பாரு.”

வர்ஷா முதல் வரிசையில் உட்கார்ந்து அஞ்சலையின் தலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்பது பன்னிரண்டுக்குப் பெண்ணின் சித்தி மேடையோரம் வந்து, “பொண்ணுக்கு மாலை மாத்தணுமா?” என்று ஜாடையில் கேட்டாள். அஞ்சலை பலமாகத் தலையை ஆட்டினாள். வர்ஷா அமுக்கிவிட்டாள்.

பூந்தமல்லிப் பள்ளியில் அப்போதுதான் டீச்சர்கள் வகுப்புக்குள் கால் வைத்திருந்தார்கள். பெஞ்சில் குத்துக்கல்லாக உட்கார்ந்திருந்த நூற்று எழுபது பிள்ளைகள் பள்ளிக்கு வரவில்லை என்று அவரவர் வீட்டுக்குச் செய்தி போயிற்று. செய்தியின் கீழே விளக்கம் கேட்க ஒரு நம்பர் இருக்கும். அது அஞ்சலையின் நம்பர். கெட்டிமேளம் கொட்டிக்கொண்டிருக்க, வர்ஷா கையிலிருந்த போன் விடாமல் துடித்தது. இரண்டாவது முடிச்சுப் போடும்போது அஞ்சலையின் கண் தாலியில் இல்லை, போனில் இருந்தது. பிறகு வந்த கல்யாண வீடியோவில், தம்பியின் தாலியை யாரோ திருடிக்கொண்டு ஓடுவதைப் பார்ப்பவள் மாதிரி ஒரு முகத்தோடு அவள் நிற்பதை எல்லா உறவுக்காரர்களும் பார்த்தார்கள்.

பந்தியில் வர்ஷாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. “என் தப்புதானுங்க்கா,” என்றாள்.

“நீ இன்னா பண்ணுவ. நான் ஆட்டுன, நீ அமுத்துன.”

“அதில்லைங்க்கா. ஒரு மனுசி தலையாட்டுறதை நம்பி அஞ்சாயிரம் வீட்டுக்குச் செய்தி போகுதுன்னா, அது சிஸ்டமே இல்லைங்க்கா. நான் இதைத் தானா ஓட வச்சுப்போடறேன். நீங்க நிம்மதியா இருங்க.”

திங்கட்கிழமை வர்ஷா ராகவனிடம் பேசினாள். ராகவன் முதலில் மாட்டுப் பொங்கலைச் சொன்னார். வர்ஷா ஒரு காலண்டரைத் திறந்து அதில் மாட்டுப் பொங்கல் சிவப்பில் இருப்பதைக் காட்டினாள். ஞாயிறு, தீபாவளி, மிலாடி நபி, காலாண்டு விடுமுறை எல்லாமே சிவப்பில் இருந்தன. சிவப்பு நாளில் செய்தி போகாது, மற்ற நாளில் ஒன்பது இருபதுக்குத் தானாகப் போகும். பூந்தமல்லி டீச்சர்களுக்கு மட்டும் ஒன்பது முப்பது. இவ்வளவு கச்சிதமாக இருந்ததும் ராகவனின் சபதம் கரைந்துவிட்டது. அஞ்சலையின் திரையிலிருந்து பச்சைப் பட்டன் போயிற்று.

முதல் நாள் ஒன்பது இருபதுக்கு அஞ்சலை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். செய்தி போயிற்று. அறுபத்தெட்டு பேர். அவள் மனசுக்குள் போட்டு வைத்திருந்ததும் கிட்டத்தட்ட அதுதான். மறுநாள் எழுந்துபோய் டீ போட்டுக் குடித்தாள். மூன்று வருடத்தில் அந்த நேரத்தில் சூடாகக் குடித்த முதல் டீ. வேலை போய்விடுமோ என்று உள்ளுக்குள் ஒரு பயமும் இருந்தது. ஆனால் ராகவன் புதுப் பள்ளிகளின் நம்பர்களைச் சரிபார்க்கும் வேலையைக் கொடுத்ததும் அதுவும் தணிந்தது. மூன்றாவது வாரம் துணிந்து ஒரு செவ்வாய்க்கிழமைக்கு லீவு கேட்டாள்.

“எதுக்கு?” என்றார் ராகவன்.

“எண்ண தேச்சி முழுவணும் சார்.”

மூன்று வருடமாக அவளுக்குச் செவ்வாயும் வெள்ளியும் எண்ணெய்க் குளியல் என்பதே இல்லாமல் போயிருந்தது. ஆற அமரத் தேய்த்து, ஊறவைத்து, சீயக்காய் போட்டுக் குளித்து, மிளகு ரசம் வைத்துச் சாப்பிட்டுவிட்டுத் தூங்க வேண்டும். அந்த ஆசையைக் கேட்ட ராகவனே நெகிழ்ந்துபோய் லீவு கொடுத்தார்.

அந்தச் செவ்வாய் நவம்பர் மாதத்தில் வந்தது. திங்கள் இரவே மழை பிடித்துக்கொண்டது. காலையில் வீராசாமி தடுத்துப் பார்த்தான்.

“இந்த மழைல எண்ண தேச்சா சளி புட்சிக்கும் அஞ்சல.”

“புடிக்கட்டும்யா. சும்மாவா குட்த்தாங்க, லீவு போட்டுகீறேன்.”

உச்சந்தலையில் ஒரு கிண்ணம் நல்லெண்ணெயை வைத்துத் தேய்க்கும்போது மணி ஏழு ஐந்து. டிவியில் கீழே எழுத்து ஓடியது. திருவள்ளூர் மாவட்டப் பள்ளிகளுக்கு இன்று விடுமுறை. அஞ்சலையின் கை தலையிலேயே நின்றுவிட்டது. இந்த விடுமுறையைக் காலண்டரில் யார் சிவப்பாக்குவார்கள் என்று அவளுக்கு விளங்கவில்லை. வர்ஷாவுக்குப் போட்டாள். ஸ்விட்ச் ஆஃப். பருத்திப்பட்டில் ராத்திரியே கரண்ட் போய், வர்ஷாவின் போன் செத்து, அவள் முழங்கால் தண்ணீரில் தன் ஸ்கூட்டியைப் படிக்கட்டுக்கு இழுத்துக்கொண்டிருந்தாள். அஞ்சலை ராகவனுக்குப் போட்டாள்.

“சார், திருவள்ளூர்ல லீவு உட்டுகீறாங்க. மெசேஜ் போவும் சார்.”

ராகவன் தூக்கக் குரலில் சிரித்தார். “அதெல்லாம் ஆட்டோமேட்டிக், அஞ்சலை. அதுவே பார்த்துக்கும். நீங்க லீவுல இருக்கீங்க. ரெஸ்ட் எடுங்க.”

“சார், அதுக்கு மழ பேயறது தெரியாது சார்.”

“ரெஸ்ட் எடுங்க,” என்று சொல்லி வைத்துவிட்டார்.

இரண்டாம் முறை போட்டபோது எடுக்கவில்லை. அஞ்சலை எண்ணெய்த் தலையோடு கூடத்தில் உட்கார்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பட்டன் கையில் இருந்தால் இந்நேரம் ஐந்து டிக்கை எடுத்திருப்பாள். ஒன்பது இருபத்தொன்றுக்கு முதல் போன் வந்தது.

“யம்மா, எம்புள்ள ஸ்கூலுக்கு வர்லனு மெசேஜ் வந்துகீது. அவன் என் எதிர்ல குந்திகினு பூரி துன்றான். அவன் வர்லனு எனுக்கே தெரியும். நீ எதுக்கு சொல்ற?”

“மன்னிச்சிக்கோ நைனா. மிஷினு தப்பு.”

அடுத்தது ஒரு டீச்சர். அவர் பெண்ணும் அதே பள்ளியில்தான் படிக்கிறாள். “என் பொண்ணு ஸ்கூலுக்கு வரலையாம். டீச்சர் நானே வரலைங்க. அதுக்கும் மெசேஜ் போட்டீங்களா?” அதற்கடுத்து ஒரு தலைமையாசிரியர். தன் மகன் தன் பள்ளிக்கு வரவில்லை என்று தன் பள்ளியே தனக்குச் சொல்லிவிட்ட அவமானத்தில் அவருக்குப் பேச்சே சரியாக வரவில்லை. ஒருவர் காரணம் ஏதும் கேட்காமல், “உங்க கம்பெனி எங்க கீது?” என்று மட்டும் கேட்டார். அஞ்சலை, “தண்ணி நின்னுகீது சார், வர முடியாது,” என்றாள்.

எண்ணெய்க் கையில் போன் வழுக்கிக்கொண்டே இருந்தது. வீராசாமி ஒரு துணியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு அழைப்புக்கும் நடுவில் போனைத் துடைத்துக் கொடுத்தான். பத்தரை மணிக்கு ஒரு அம்மா பேசினாள்.

“எம்பொண்ணு ஸ்பெஷல் கிளாஸ்னு யூனிபார்ம் போட்டுகினு எட்டு மணிக்கே போச்சி. வர்லனு மெசேஜ் வருதே. எங்கம்மா போச்சி?”

அஞ்சலை நிமிர்ந்து உட்கார்ந்தாள். “எந்த ஸ்கூலு? பட்டாபிராமா? அப்டியே இரு, கட் பண்ணாத.” வீராசாமியின் போனில் துலுக்கானத்தைப் பிடித்தாள். கேட் பூட்டியிருந்தது. ஸ்பெஷல் கிளாஸும் இல்லை, சாதா கிளாஸும் இல்லை. அந்த அம்மாவிடம் பெண்ணின் தோழிகள் யார் யார் என்று கேட்டு, நான்கு வருடமாகத் தட்டச்சு செய்து மனப்பாடமாகிவிட்ட பெயர்களிலிருந்து மூன்று வீட்டு நம்பரைச் சொன்னாள். இரண்டாவது வீட்டில், ஆறு பெண்கள் யூனிபார்மோடு டிவியைச் சத்தமாக வைத்து ஆடிக்கொண்டிருந்தார்கள். பதினொன்றே காலுக்கு அந்த அம்மா மறுபடி கூப்பிட்டாள்.

“கெட்ச்சிட்டா. நீ நல்லா இருக்கணும் தாயி.”

மூவாயிரத்து எண்ணூறு தப்புச் செய்தியில் அது ஒன்றுதான் சரியான செய்தி. அன்றைக்கு அவளுக்குக் கிடைத்த நல்ல வார்த்தையும் அது ஒன்றுதான். பிற்பகல் ஒன்றரை மணிக்குப் போன் அடங்கியது. சீயக்காய் கரைக்கத் தெம்பில்லாமல் ஷாம்பு போட்டுத் தலையை அலசிவிட்டுப் படுத்துவிட்டாள்.

புதன்கிழமை ராகவன் எல்லோரையும் கூப்பிட்டார். இரண்டு பள்ளிகள் ஏற்கெனவே கோபமாகக் கடிதம் அனுப்பியிருந்தன. வர்ஷா அழுது முடித்த முகத்தோடு உட்கார்ந்திருந்தாள்.

“நான் அன்னைக்கே சொன்னேன்,” என்றார் ராகவன். “மனுஷன் கைதான் சரி. அஞ்சலை, இன்னையிலேர்ந்து பட்டனை மறுபடி வச்சுக்கோங்க.”

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவளுக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்தார்கள்.

“வேணாம் சார்,” என்றாள் அஞ்சலை.

“ஏன்?”

“என் தம்பி கல்யாணத்துல முடிச்ச ஒயுங்கா போட்டனானு எனுக்கே தெரியல சார். அவன் பொண்டாட்டியாண்ட சண்ட போட்டா ராத்திரில எனுக்கு தூக்கம் வர்ல. நான் இனிமே அமுத்த மாட்டேன்.”

வர்ஷா மெல்ல, கலெக்டர் அறிவிப்புகளைத் தானாகப் படித்து, மூன்று மாவட்டத்தையும் பிரித்து, சேனல்களையும் ஒப்பிட்டுப் பார்க்கிற மாதிரி ஒன்று எழுதலாம் என்றாள். ஆறு வாரம் ஆகுமாம். போர்டில் பெட்டி பெட்டியாகப் போட்டு அம்புக்குறி இழுத்துக் காட்டினாள். அஞ்சலை அம்புக்குறிகளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“எதுக்கு கண்ணு கலெக்டராண்ட எல்லாம் போற? ஒரு புள்ள வர்லனா, அது லீவு போட்டுகீது. ஸ்கூல்ல ஒரு புள்ள கூட வர்லனா, ஸ்கூலே லீவு. இதுக்கு இன்னாத்துக்கு டிவி பாக்கணும்?”

வர்ஷா கையிலிருந்த மார்க்கரை மூடினாள்.

“அது மூணு வரிதானுங்க்கா,” என்றாள் கடைசியில்.

“அப்ப எழுது.”

“அரைவாசிப் பேர் வந்து, அரைவாசிப் பேர் வரலைன்னா?” என்று ராகவன் கேட்டார். தான் முதலாளி என்பதைக் காட்ட அவருக்கு ஒரு கேள்வியாவது தேவைப்பட்டது. ஆனால் கேள்வி நல்ல கேள்விதான்.

“அப்ப தெர்லனு அர்த்தம் சார். தெர்லனா நின்னுடணும். நின்னு, ஆளக் கேக்கணும். ஆளு வாச்மேனைக் கேட்டு சொல்லணும். நான் நம்பர் தர்றேன். ஆனா அந்த ஆளு தெனம் நானே இல்ல. மொற போட்டுக்கலாம். உங்க பேரும் சேத்து.”

அப்படியே முடிவாயிற்று. சாதாரண நாளில் ஒன்பது இருபதுக்குச் செய்தி தானாகப் போகும். ஒரு டிக் கூட விழாத பள்ளியிலிருந்து எதுவும் போகாது. ஒரு பள்ளியில் வழக்கத்துக்கு மீறி டிக் குறைந்தால், அந்தப் பள்ளியின் செய்தி மட்டும் நின்று, அன்றைய முறைக்காரருக்குப் போன் அடிக்கும். அவர் சொன்னால்தான் போகும். அவர் பேசாமல் இருந்தால் போகாது. இந்தக் கடைசி விஷயத்துக்கு வர்ஷாவும் ராகவனும் ஒரு மணி நேரம் வாதம் செய்தார்கள். அஞ்சலை அதற்குள் சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டாள்.

டிசம்பர் மழையில் இரண்டு முறை அது நின்றது. ஒரு நாள் ஆவடியில் ஒரு பள்ளியின் வேன்கள் தண்ணீரில் மாட்டிக்கொண்டு பாதிப் பிள்ளைகள் தாமதம். அன்றைக்கு முறை ராகவனுடையது. வாட்ச்மேனிடம் தான் யார் என்று விளக்குவதற்கே அவருக்குப் பத்து நிமிடம் ஆயிற்று. “எங்க அந்த அஞ்சலை பொண்ணு?” என்று வாட்ச்மேன் மூன்று முறை கேட்டாராம். வேன்கள் வந்து சேர்ந்தபின் பத்தேகாலுக்குச் செய்தி போயிற்று. தப்பு எதுவும் இல்லை. கோபித்துக்கொண்ட இரண்டு பள்ளிகளும் பொங்கலுக்கு முன்னால் சமாதானமாகிவிட்டன.

பிப்ரவரியில் மாங்காட்டில் ஒரு புதுப் பள்ளிக்கு விளக்கிச் சொல்லப் போனார்கள். ராகவனும் வர்ஷாவும் லேப்டாப்போடு போனார்கள். அஞ்சலையையும் கூட்டிப்போனார்கள். பள்ளியின் தாளாளர் செங்கல்வராயன் எழுபது வயதுக்காரர், வெள்ளை வேட்டி. ராகவன் திரையில் இருபத்துநான்கு பக்கம் வைத்திருந்தார். நான்காவது பக்கத்திலேயே தாளாளர் கையை உயர்த்தினார்.

“அதெல்லாம் இருக்கட்டும். இது தானா போவுமா, ஆளு அமுத்தணுமா? அத்த சொல்லு.”

ராகவன் தொண்டையைச் செருமிக்கொண்டு ஒன்பதாம் பக்கத்தைத் தேடினார். அஞ்சலை முந்திக்கொண்டாள்.

“தெரிஞ்ச நாள்ல தானா போவும் சார். சந்தேகம் வந்தா நின்னு ஆளக் கேக்கும்.”

செங்கல்வராயன் நாற்காலியில் சாய்ந்தார். பிறகு பக்கத்து அறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த தன் கிளார்க்கைக் கதவு வழியே ஒரு பார்வை பார்த்தார்.

“என்னாண்ட இருவது வருஷமா ஒருத்தன் கீறான்,” என்றார். “தானாவும் எதுவும் செய்யமாட்டான், சந்தேகம்னும் வந்து கேக்கமாட்டான். நீங்க எப்ப வந்து மாட்டுறீங்க?”

ராகவன் லேப்டாப்பை மூடினார். வர்ஷா தேதி குறித்துக்கொண்டாள். அஞ்சலை வெளியே போய் வாட்ச்மேன் எங்கே என்று பார்த்து, அவருடைய நம்பரை வாங்கிக்கொண்டாள்.